நபரா? ஒருவரா?

(திருவண்ணாமலையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

அன்பார்ந்த தமிழ்ப் பெருமக்களே! தாய்மாரே! மாணவச் செல்வங்காள்!

‘தமிழ்ப் பெருமக்களே’ என்று உங்களை விளித்தேன். இவ்விளியைத் ‘தமிழ் நபர்களே’ என மாற்றிச் சொல்லிப் பாருங்கள், செவி பொறுக்குமா? பொறாது. ஆயினும், குடும்ப அட்டைக்கு எழுதும் விண்ணப்பத்திலும், திருமணப் பந்திக் கணக்கிலும், செய்தித்தாளின் தலைப்பிலும் ‘ஐந்து நபர்கள்’ என்றே நாள்தோறும் எழுதுகின்றோம். மேடையில் மக்களாய் நின்றவர் தாளில் நபராய்ப் போவது ஏன்? இதனையே இன்று ஆராயப் புகுகின்றேன்.

‘நபர்’ என்பது அரபுச் சொல். பாரசீகம், உருது வழியாக, ஆட்சியாளரோடு இந்நாட்டிற்கு வந்தது. ‘ஆசாமி’யும் அவ்வழி வந்ததே, வரிதண்டுவோர் கணக்கில் உழுகுடியையும் கடன்பட்டவனையும் குறித்த சொல் அது. வரி வாங்கியவன் நமக்கு இட்ட பெயரை இன்றும் நாமே நமக்கு இட்டுக்கொள்கின்றோம்.

‘மனுசன்’ என்பதோ வடசொல். மனுவின் வழித்தோன்றல் என்பது அதன் பொருள். பிறப்பினால் உயர்வு தாழ்வு வகுத்த நூலும் அம் மனுவின் பெயரையே தாங்கி நிற்கின்றது. மொழிஞாயிறு பாவாணர் (1902-1981) ‘மாந்தன்’ என்னும் சொல்லையே தம் நூல்களில் ஆண்டார். கருதுதற் பொருளுடைய தமிழ் வேரினின்று மனம் முதலிய சொற்களைப் பிறப்பித்தும் காட்டினார். ‘மாந்தர்’ என்பது திருக்குறளில் பயின்ற சொல், நேற்று முளைத்ததன்று.

பிற மொழிகளையும் நோக்குக. ஆங்கிலர் ஆளைக் குறிக்க வழங்கும் ‘பெர்சன்’ என்னும் சொல், நாடகத்தில் அணியும் முகமூடியைக் குறித்த இலத்தீனச் சொல்லின் வழிவந்தது. தமிழனோ ‘மக்கள்’ என்றான். மக்கள் என்பது பிள்ளைகளையும் குறிக்கும். மாந்தர் அனைவரையும் குறிக்கும். மன்னனாயினும் மாடு மேய்ப்பவனாயினும் ஒரு தாய் ஈன்ற மகவே என்னும் உண்மை அச்சொல்லிலேயே பொதிந்துள்ளது.

தொல்காப்பியர் சொல்லதிகாரத்தின் முதல் நூற்பாவிலேயே உயர்திணையாவது மக்களைச் சுட்டுவது என வரையறுத்தார். தெய்வப் பெயர்க்குத் தனியே பாலுணர்த்தும் ஈறு இல்லை. அது மக்கட்குரிய ஈற்றையே பெற்று நடக்கும் என்றும் விதித்தார். பின்வந்த நன்னூலார் மக்களோடு தேவரையும் நரகரையும் உயர்திணையில் சேர்த்தார். தொல்காப்பியர்க்கோ மக்கள் என்னும் ஒன்றே உயர்திணைக்குப் போதுமானதாய் இருந்தது. இதனினும் பெரிய மதிப்பை எந்த இலக்கணம் மாந்தர்க்கு அளிக்கும்?

“நபர் என்றால் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது, தமிழில் அத்தகைய சொல் உண்டா?” என வினவுவாருளர். உண்டு. ‘ஒருவர்’ என்பதே அது. அச்சொல் இருபாற்கும் உரியதென்றும், பலர்பால் முடிபு கொள்ளுமென்றும் தொல்காப்பியமே கூறுகின்றது. ஒருவரைக் குறிக்கும்போதே மதிப்பும் உடன் வருகின்றது. இருவர், மூவர், நால்வர், ஐவர் என மேலும் எண்ணிச் செல்லலாம்.

அதற்கும் மேற்பட்டால், ‘நூறு பேர்’ என்கின்றோம். பேர் என்பது பெயரின் மரூஉ. ஆட்டை எண்ணுவோன் தலையை எண்ணுகின்றான். தமிழன் மாந்தரைப் பெயரால் எண்ணுகின்றான். முழுநிலா நாளில் இம்மலையை வலம்வருவோர் இலக்கக்கணக்கான பேர் என்னும்போது, அத்தனை பெயர்களும் அங்கு நடக்கின்றன என்பதே பொருள்.

பெயரின் அருமையை உணர்ந்த மண் இது. நம் மாவட்டத்துச் செங்கம் பகுதியை ஆண்ட நன்னனைப் பாடியது மலைபடுகடாம். வீழ்ந்த மறவர்க்குப் பெயர் பொறித்து நட்ட கற்களை அந்நூல் குறிக்கின்றது. செங்கத்தைச் சூழ்ந்த ஊர்களில் அத்தகைய நடுகற்கள் இன்றும் உள்ளன. எடுத்தனூரில் உள்ள கல், மகேந்திரவர்மப் பல்லவன் காலத்தது. எருமைகளைக் காத்துப் பட்ட வீரன் பெயரோடு, கள்வர் இருவரைக் கடித்து அவனைக் காத்து நின்ற நாயின் பெயரும் அதில் உண்டு. கோவிவன் என்பது அந்நாயின் பெயர். 1,300 ஆண்டுகட்கு மேலாகியும் அப்பெயர் அழியவில்லை. நாய்க்கும் பெயர் பொறித்த மண்ணில், மாந்தரைப் பெயரற்ற ‘நபர்’ ஆக்கலாமா?

இன்னும் ஒரு சொல்: ‘ஆள்’. ஆளுதல், ஆட்சி, ஆளுமை யாவும் இதனோடு ஓரினம். அச்சொல்லையே கூலிக்கு வருவோர்க்கு இட்டு, இழிவுக் குறிப்பும் ஏற்றிவிட்டோம். “நாலு ஆளை அனுப்பு” என்பதை விடுத்து “நால்வரை அனுப்புங்கள்” என்று சொல்லிப் பழகுவோம். களை பறிக்க வருபவரும் உயர்திணையே. அவர்க்கும் ஒரு பெயருண்டு. அதனைக் கேட்டறிந்து அழைப்பதே தமிழ்ப் பண்பு.

ஆதலின், விண்ணப்பத்தில் ‘குடும்ப நபர்கள்’ என்னுமிடத்துக் ‘குடும்பத்தினர்’ என எழுதுக. ‘ஐந்து நபர்’ என்னுமிடத்து ‘ஐவர்’ என்க. ‘மனிதநேயம்’ என்பதை ‘மாந்தநேயம்’ என்க. ஆசிரியர் இதனை வகுப்பறையில் தொடங்குக. பெற்றோர் வீட்டில் தொடங்குக. சொல்லைத் திருத்துவது மொழிக்கு மட்டும் செய்யும் தொண்டன்று. மாந்தரை மக்களாக மதிக்கக் கற்கும் முதற்படியும் அதுவே.

வாழ்க தமிழ்! வெல்க மாந்த நேயம்!