நம் அம்மாவைக் காட்டாத திரை
(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



நம் லயங்களின் சுவர்களில் சாமி படத்துக்குப் பக்கத்தில் எம்.ஜி.ஆர். படமும் தொங்கியதை நாம் மறந்திருக்க மாட்டோம். 1917இல் நாவலப்பிட்டியில் பிறந்த அவர் நமக்கு 'நம்ம ஊர்ப் பிள்ளை'. அது மட்டுமே காரணமல்ல. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் நம் மக்களில் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. அடுத்த ஆண்டே வாக்குரிமையும் போயிற்று. துரைக்கு முன்னால் கைகட்டி நின்றவர்கள், படமாளிகையில் ஏழைத் தொழிலாளி முதலாளியை எதிர்த்து வென்றபோது எழுந்து நின்று விசிலடித்தார்கள். வாக்குச்சீட்டில் சொல்ல முடியாததை அங்கே சொன்னார்கள்.

அந்த நிமிர்வைத் தந்த சினிமாவுக்கு நன்றி சொல்வோம். ஆனால் அந்த வெற்றியில் பெண்ணுக்கு என்ன பங்கு கிடைத்தது? 1972இல் வந்த 'பட்டிக்காடா பட்டணமா'வில் படித்த மனைவியின் கர்வத்தைக் கணவன் அடக்குகிறான். 1974இல் கே. பாலசந்தர் எடுத்த 'அவள் ஒரு தொடர்கதை'யில் ஒரு பெண் உழைத்துக் குடும்பத்தைத் தாங்குகிறாள். அதற்காகத் தன் வாழ்வையே விட்டுக்கொடுக்கிறாள். சம்பாதிக்கும் பெண் என்றால் சோகக் கதை என்றே நாமும் நம்பினோம்.

நம் தோட்டங்களிலோ பெண்கள் தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்துச் சம்பாதித்தார்கள். ஆணுக்குச் சமமான நாட்சம்பளம் அவர்களுக்கு 1984இல்தான் கிடைத்தது. அந்தச் சம்பளத்தையும் பல தோட்டங்களில் கணவனோ தகப்பனோ போய் வாங்கினார்கள். இதைத் தட்டிக்கேட்ட கதாநாயகன் யார்? திரையில் தேயிலை மலை வந்தால், பெரும்பாலும் காதலர்கள் ஓடிப் பாடும் இடமாகத்தான் வந்தது. 1975இல் மலையகத் தொழிற்சங்கவாதி வி.பி. கணேசன் தயாரித்து நடித்த 'புதிய காற்று' போன்ற நம் நாட்டு முயற்சிகள் சில உண்டு. தமிழகத்துப் படங்களின் வெள்ளத்தில் அவை நின்று பிடிக்கவில்லை.

சகோதரிகளே, ஓர் உண்மையை ஒப்புக்கொள்வோம். நம்மில் பலர் கொழுந்துச் சம்பளத்தில் படித்தவர்கள். ஆனால் பெற்றோர் தினத்தன்று, தேயிலைக் கறை படிந்த கையோடு வந்த அம்மாவைத் தோழிகளுக்கு அறிமுகப்படுத்தத் தயங்கினோம். திரையில் நாம் கண்ட அம்மாக்கள் அப்படி இருக்கவில்லை. அந்தத் தயக்கத்தை நமக்குள் விதைத்ததில் சினிமாவுக்கும் பங்கு உண்டு. அதைக் களைய வேண்டியவர்கள் நாம்தான்.

படம் பார்ப்பதை நிறுத்தச் சொல்லவில்லை. அடுத்த விடுமுறையில் மகளோடும் பேத்தியோடும் அமர்ந்து ஒரு பழைய படம் பாருங்கள். இதில் உழைப்பவர் யார், சம்பளத்தைக் கையில் வாங்குபவர் யார் என்று கேளுங்கள். பிறகு, பெரட்டுக்குப் போய் நம்மைப் படிக்க வைத்த அம்மாவின் கதையைச் சொல்லுங்கள். எந்தப் படமாளிகையிலும் ஓடாத அந்தக் கதையை நாம் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வார்கள்?