சத்தம் போடுறவனுக்கா முதல் பங்கு?

(கடன் தவணை கட்டிவரும் விவசாயிகள் கூட்டத்தில் சங்கத்தின் சார்பில் ஆற்றிய உரை)



முதலில் ஒன்றை ஊரறியச் சொல்லிவிடுவோம். வாங்கின கடனை ஏமாற்றுவதற்காக நாம் இங்கே கூடவில்லை. கட்டுறதுக்கு வழி தேடித்தான் கூடியிருக்கிறோம். விளைச்சல் கெட்டுப்போன வருஷத்தில், கையில் மிஞ்சுவதை நாலு பேருக்கும் பிரித்துக் கொடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கடனை அடைக்கிறோம் என்று தவணைத் திட்டம் போட்டுக்கொண்ட குடும்பங்கள் நம்மில் நிறைய.

நாலு இடத்தில் கடன் இருக்கு. மூணு இடத்தில் "சரிப்பா, சொன்ன தேதியில் கட்டு" என்கிறார்கள். நாலாவது ஆள் மட்டும், "உன் திட்டமெல்லாம் எனக்குத் தெரியாது, முழுசா எடுத்து வை" என்று வாசலில் வண்டியை நிறுத்திக் கத்துகிறான். அந்த நாலாவது ஆளை என்ன செய்வது? இன்றைக்கு அதைத்தான் பேசப்போகிறோம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மூணு ஏக்கர் குடும்பம். அரசு வங்கியில் பயிர்க்கடன் 80,000. பவர் டில்லர் வாங்கிய வகையில் நிதி நிறுவனத்துக்கு 1,20,000. வீட்டம்மா பேரில் குழுக்கடன் 40,000. ஊரில் வாங்கிய வட்டிக்கடன் 60,000. ஆக மொத்தம் 3 லட்சம். அறுவடை முடிந்து, சாப்பாட்டு நெல்லும் விதை நெல்லும் அடுத்த நடவுச் செலவும் எடுத்து வைத்த பிறகு மிஞ்சுவது 60,000. கடனில் ஐந்தில் ஒரு பங்கு. எல்லாருக்கும் அதே கணக்கில் பிரித்தால் வங்கிக்கு 16,000, நிதி நிறுவனத்துக்கு 24,000, குழுவுக்கு 8,000, வட்டிக்காரருக்கு 12,000.

நிதி நிறுவனத்து ஆள் வருகிறான். "24 ஆயிரம் பத்தாது. 45 ஆயிரம் கொடு, இல்லேன்னா வண்டியைத் தூக்குவேன்" என்கிறான். மானத்துக்குப் பயந்து கொடுத்துவிடுகிறோம். என்ன ஆச்சு? மற்ற மூணு பேருக்குச் சேரவேண்டியது 36,000. கையில் இருப்பது 15,000. ஒப்புக்கொண்ட மூணு பேரிடமும் நம் வார்த்தை கெட்டது. அந்த 21,000 ஓட்டையை அடைக்க மீட்டர் வட்டிக்கு ஓடுகிறோம். அடமானத்துக்குத் தாலிக்கொடி போகிறது. ஒருத்தன் வாயை மூடப்போய், புதுசா ஒருத்தன் வாய் திறக்கிறான்!

ஆகவே தோழர்களே, சத்தம் போடுறவனுக்கு முதல் பங்கு என்ற பழக்கத்தை முதலில் ஒழிக்க வேண்டும். யாருக்கு முன்னால் கட்டுவது என்பதை எதை இழக்கப்போகிறோம் என்று பார்த்து நாம் முடிவு செய்ய வேண்டும். ஏலத் தேதி குறித்த நகை இருக்கிறதா, அதற்கு முன்னுரிமை கொடு. வட்டிச் சலுகை கிடைக்கும் கெடு முடியப்போகிறதா, அதை விடாதே. தொண்டை பெருத்தவன் என்பதற்காக ஒரு ரூபாய் கூடுதலாக வேண்டாம். அதே சமயம், கத்துகிறான் என்ற கோபத்தில் அவன் பங்கை நிறுத்தவும் வேண்டாம். அவனுக்குரிய 24,000 அவனுக்குப் போய்ச் சேரட்டும்.

"வாங்க மாட்டேங்கிறானே, என்ன செய்றது?" என்று கேட்கிறீர்கள். அவன் கடன் கணக்கிலேயே வங்கி வழியாகக் கட்டுங்கள். அல்லது மணியார்டர் அனுப்புங்கள். திருப்பி அனுப்பினால் அந்தச் சீட்டை ஒரு உறையில் போட்டு வையுங்கள். நாளைக்கு நீதிமன்றத்தில் "இவர் கட்டவே மறுத்தார்" என்று அவன் சொன்னால், அந்தச் சீட்டு நமக்காகப் பேசும்.

உள்ளதையும் சொல்லிவிட வேண்டும். பொய் நம்பிக்கை கொடுப்பது சங்கத்தின் வேலையல்ல. நாமே போட்டுக்கொண்ட திட்டம், ஒப்புக்கொள்ளாத கடன்காரரைச் சட்டப்படி கட்டிப்போடாது. வட்டி ஓடிக்கொண்டிருக்கும். அவர் வழக்கும் போடலாம். ஆனால் வழக்குப் போடுவது வேறு, வாசலில் வந்து வசை பாடுவது வேறு. முதலாவது அவர் உரிமை. இரண்டாவதுக்கு எந்தச் சட்டத்திலும் இடமில்லை.

நம் கையில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம்.

ஒன்று. பயிர் போன வருஷத்துக்கு வங்கிக் கடனை மாற்றியமைப்பது யாரும் போடும் பிச்சையல்ல. ரிசர்வ் வங்கி 2018 அக்டோபரில் வெளியிட்ட இயற்கைப் பேரிடர் வழிகாட்டுதலிலேயே, பயிர்ச்சேதம் 33 சதவீதத்துக்கு மேல் போனால் பயிர்க்கடனைத் தவணைக் கடனாக மாற்றலாம் என்று எழுதியிருந்தது. ஆனால் அது தானாக நடப்பதில்லை. வெள்ளம் வடிவதற்குள் கிராம நிர்வாக அலுவலரிடம் சேதக் கணக்கைப் பதிய வைக்க வேண்டும். வங்கிக்கு எழுத்தில் மனுக் கொடுக்க வேண்டும். "வாய்ல சொன்னேன் சார்" என்பது செல்லாது.

இரண்டு. வசூல் ஆளுக்கு நேரம் காலம் உண்டு. 2022 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி போட்ட உத்தரவு: காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் வசூலுக்காகப் போன் போடக்கூடாது. மிரட்டக்கூடாது, ஊரறிய அவமானப்படுத்தக்கூடாது, உறவுக்காரர் வீட்டுக்குப் போய்த் தொல்லை கொடுக்கக்கூடாது. ஆளை வெளியிலிருந்து கூலிக்குப் பிடித்து அனுப்பினாலும், அவன் செய்யும் அட்டூழியத்துக்கு நிறுவனமே பொறுப்பு.

மூன்று. தாய்மார்கள் கவனமாகக் கேளுங்கள். வருஷ வருமானம் 3 லட்சத்துக்குள் உள்ள குடும்பங்களுக்கு அடமானமில்லாமல் தரும் நுண்கடனுக்கு, 2022 மார்ச்சில் தனி விதி வந்தது. வசூல், இரு தரப்பும் பேசி முடிவு செய்த பொது இடத்தில்தான். அந்த இடத்துக்கு அடுத்தடுத்து இரண்டு தடவையாவது நாம் போகாமல் இருந்தால்தான் அவர்கள் வீடு தேடி வரலாம். போன் போடுவது காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் கூடாது. இரவு 10 மணிவரை வாசலில் உட்கார்ந்து, "கட்டுற வரைக்கும் எழுந்திருக்க மாட்டேன்" என்பது விதிமீறல். குழுவில் உள்ள மற்றப் பெண்களைத் தூண்டிவிட்டு வசை பாட வைப்பதும் மிரட்டல்தான். பக்கத்து வீட்டு அக்காவும் நம்மைப் போலத்தான் கடன்பட்டிருக்கிறார். நாம் ஒருவருக்கொருவர் எதிரியாகிவிடக் கூடாது.

நான்கு. வண்டியைத் தூக்குவேன் என்கிற மிரட்டல். கடன் கட்டாத வண்டியை அடியாள் வைத்துப் பறிக்கக்கூடாது, சட்ட வழியில்தான் போக வேண்டும் என்று 2007லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதற்குப் பிறகும் என்ன நடந்தது? 2016 மார்ச்சில், தஞ்சாவூர் மாவட்டத்தில் டிராக்டர் கடனுக்காக ஒரு விவசாயியைப் போலீசே அடித்து இழுத்துப்போன காட்சியைத் தமிழ்நாடே பார்த்தது. சட்டம் ஏட்டில் இருந்தால் போதாது, கேட்பதற்கு ஆள் வேண்டும் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டுமா?

ஐந்து. ஊரில் கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று உறிஞ்சுகிறவர்களுக்குத் தமிழ்நாட்டில் 2003ஆம் வருஷத்துச் சட்டம் இருக்கிறது. மூன்று வருஷம் வரை சிறை, 30,000 ரூபாய் வரை அபராதம். வட்டிக்காரன் பணத்தை வாங்க மறுத்தால், கடன்பட்டவர் நீதிமன்றத்திலேயே பணத்தைக் கட்டி மனுப் போட அந்தச் சட்டத்தில் வழி இருக்கிறது. 2025ல் தமிழ்நாடு சட்டமன்றம் வலுக்கட்டாய வசூலுக்கு எதிராக இன்னொரு சட்டமும் நிறைவேற்றியது.

ஆறு. "நிலத்தை ஏலம் விட்டுடுவேன்" என்பார்கள். நீதிமன்றத்துக்குப் போகாமலேயே சொத்தை எடுக்க வங்கிகளுக்கு அதிகாரம் கொடுத்த 2002ஆம் வருஷத்துச் சர்பாசி சட்டம், விவசாய நிலத்துக்குப் பொருந்தாது. நீதிமன்றத் தீர்ப்பே வந்தாலும், உழவு மாடு, ஏர் கலப்பை, விதை நெல், விவசாயி குடியிருக்கும் வீடு ஆகியவற்றுக்கு உரிமையியல் நடைமுறைச் சட்டம் 60ஆம் பிரிவில் ஜப்தியிலிருந்து பாதுகாப்பு உண்டு. ஆனால் அந்த வீட்டையோ நிலத்தையோ நாமே அடமானம் எழுதிக் கொடுத்திருந்தால் கதை வேறு. பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கத் தெரிந்தவரை வைத்துப் படித்துப் பாருங்கள்.

இதெல்லாம் தெரிந்தால் மட்டும் போதாது. செய்ய வேண்டிய வேலை இருக்கிறது.

ஒரு நோட்டு வாங்குங்கள். யார் வந்தான், எத்தனை மணிக்கு வந்தான், என்ன பேசினான், யார் பார்த்தார்கள் என்று அன்றன்றைக்கு எழுதி வையுங்கள். கட்டிய பணத்துக்கு ரசீது இல்லாமல் ஒரு ரூபாய் கூடக் கொடுக்க வேண்டாம். நிறுவனத்துக்கு ஸ்பீடு போஸ்டில் ஒரு பக்கம் கடிதம் போடுங்கள்: மொத்தக் கடன் இவ்வளவு, வருமானம் இவ்வளவு, உங்கள் பங்கு இவ்வளவு, இந்தத் தேதியில் கட்டுகிறோம், வசூல் ஆளை அனுப்பி மிரட்ட வேண்டாம். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் நியாயமில்லை என்றாலோ, ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் புகார் செய்யலாம். காசு செலவில்லை, வக்கீல் தேவையில்லை. விவரம் கேட்க 14448 என்ற எண் இருக்கிறது. அடி, மிரட்டல் என்று வந்தால் 30 நாள் காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே காவல் நிலையத்தில் புகார் கொடுத்து மனு ரசீது வாங்குங்கள். கடன் பாக்கி என்பது உரிமையியல் விவகாரம். அதை வசூல் பண்ணிக் கொடுப்பது போலீசின் வேலையல்ல.

ஆனால் காசோலை விஷயம் அப்படியல்ல. தொகை எழுதாத காசோலையிலும் புரோநோட்டிலும் கையெழுத்துப் போடவே போடாதீர்கள். கொடுத்த காசோலை திரும்பினால் அது கிரிமினல் வழக்காகும். நோட்டீஸ் கைக்கு வந்த 15 நாளுக்குள் பணம் கட்டியாக வேண்டும்.

நீதிமன்றச் சம்மன் வந்தால் பரணில் செருகி வைக்கக்கூடாது. போகாவிட்டால் அவன் சொன்னதே தீர்ப்பாகிவிடும். போனால், தவணையில் கட்டும்படி உத்தரவிட நீதிமன்றத்துக்கே அதிகாரம் இருக்கிறது. அங்கே நம் நோட்டும் ரசீதும் மணியார்டர் சீட்டும்தான் ஆயுதம். வக்கீலுக்குக் காசில்லை என்றால் தாலுகா சட்டப்பணிகள் குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கும், தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கும், வருமானம் குறைந்தவர்களுக்கும் இலவசமாக வக்கீல் வைத்துத் தருவது அவர்கள் கடமை.

"தள்ளுபடி வரும், அதுவரைக்கும் சும்மா இருப்போம்" என்று சிலர் சொல்கிறார்கள். 2021ல் தமிழ்நாடு அரசு கூட்டுறவுப் பயிர்க்கடன் 12,110 கோடி ரூபாயைத் தள்ளுபடி செய்தது. போராடிய விவசாயிகளுக்கு அது வெற்றிதான். ஆனால் அதில் நிதி நிறுவனக் கடனோ, குழுக்கடனோ, வட்டிக்கடனோ ஒரு பைசாகூடக் கிடையாது. நம் வாசலில் நின்று கத்துகிறவர்கள் யார்? பெரும்பாலும் அந்தப் பட்டியலில் வராதவர்கள்தானே!

ஆகவே தனித்தனியாகக் கட்டுவோம், ஆனால் கூட்டாக நிற்போம். வசூல் ஆள் ஒரு வீட்டு வாசலில் நின்றால், தெருவில் பத்துப் பேர் போய்ப் பக்கத்தில் நில்லுங்கள். கை நீட்ட வேண்டாம், கெட்ட வார்த்தை வேண்டாம். "உங்க அடையாள அட்டையைக் காட்டுங்க, ரசீது புக்கு எங்கே, எழுத்துல கொடுங்க" என்று கேட்டால் போதும். தனியாக இருக்கிறவனைத்தான் மிரட்ட முடியும். அவமானம் தாங்காமல் பூச்சிமருந்தைக் கையில் எடுத்த வீடுகளை நாம் பார்த்திருக்கிறோம். அப்படி ஒரு நினைப்பு வந்தால், அந்த நிமிஷமே பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுங்கள், சங்கத்து ஆளைக் கூப்பிடுங்கள். கடன் போனால் திரும்ப அடைக்கலாம். உயிர் போனால் எந்தத் தவணையிலும் வராது.

அரசிடம் நாம் கேட்பது இவை:

• வங்கி, கூட்டுறவு, நிதி நிறுவனம், நுண்கடன் எல்லாரையும் ஒரே மேசையில் உட்கார வைத்துத் தவணை பேசி முடிக்க, தாலுகாதோறும் கடன் சமரசக் குழு அமை!

• அந்தக் குழுவில் முடிவான தவணையைக் கட்டிவரும் விவசாயியிடம் எந்த வசூல் ஆளும் போகக்கூடாது என்று உத்தரவிடு!

• கொள்முதல் நிலையத்து நெல் பணத்தையும் பயிர்க் காப்பீட்டுப் பணத்தையும் முன்னறிவிப்பில்லாமல் கடனுக்குப் பிடிக்காதே!

• மிரட்டல் புகாரை வாங்க மறுக்கும் காவல் அதிகாரி மீது நடவடிக்கை எடு!

இந்தக் கோரிக்கைகளோடு வட்டாட்சியர் அலுவலகத்துக்கு நாம் போகும்போது, ஒவ்வொருவரும் தங்கள் நோட்டையும் ரசீதுகளையும் கையில் கொண்டு வாருங்கள். கட்டுகிறவர்கள் நாம் என்பதை அந்த மேசையில் வைத்துக் காட்டுவோம்.

கடனைக் கட்டுவோம்! கணக்கோடு கட்டுவோம்!
மிரட்டலுக்குப் பணிய மாட்டோம்!
விவசாயிகள் ஒற்றுமை ஓங்குக!