மானுக்குப் பிணையும் சொல்லுக்குச் சான்றும்



உமறுப் புலவரின் சீறாப்புராணத்தில் வரும் மானுக்குப் பிணை நின்ற படலத்தை நம்முள் பலர் வகுப்பில் படித்திருக்கிறோம். வேடனிடம் சிக்கிய பெண்மான் தன் கன்றுக்குப் பாலூட்டித் திரும்பும்வரை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பிணை நிற்கிறார்கள். மான் கன்றோடு மீள்கிறது. வேடன் மனம் மாறுகிறான்.

"ஐயா, இது மெய்யாக நடந்ததா?" என்று ஒரு மாணவர் எழுந்து கேட்டால் என்ன சொல்வது? கற்பனை என்றால் இஸ்லாமிய மாணவர் மனம் நோகுமோ என்று தயங்குகிறோம். அத்தயக்கம் வேண்டியதில்லை. இதே கேள்வியை இஸ்லாமிய அறிஞர்கள் நமக்கு முன்பே கேட்டுவிட்டார்கள்.

நபிமொழி ஒன்று வந்தால், அதை யார் யாரிடம் கேட்டுச் சொன்னார் என்று வினவுவது அவர்கள் மரபு. அறிவிப்பாளர் தொடரில் உள்ள ஒவ்வொருவரும் நேர்மையாளரா, நினைவாற்றல் உள்ளவரா, தமக்கு முன்னவரைச் சந்தித்திருக்கக் கூடியவரா என்று ஆராய்வர். ஒரு கண்ணி அறுந்தாலும் செய்தி பலவீனமாகும். வலுவான பிற செய்திகளோடு வாசகம் முரண்படுகிறதா என்றும் பார்ப்பர். கருத்தின் அழகு சான்றாகாது.

மான் செய்தியை 11ஆம் நூற்றாண்டில் பைஹகீ தொடருடன் பதிந்தார். 15ஆம் நூற்றாண்டு அறிஞர் ஸகாவீ, இது மக்கள் நாவிலும் நபிபுகழ்ப் பாடல்களிலும் பரவியது என்று சொல்லி, இதற்கு அடிப்படை இல்லை என்ற இப்னு கஸீரின் முடிவைத் தருகிறார். உடனே, இது பல வழிகளில் வந்திருப்பதையும், அவை ஒன்றையொன்று தாங்குவதையும் சேர்த்தே குறிக்கிறார். மறுப்பும் ஆதரவும் ஒரே இடத்தில்!

உமறுவும் மார்க்க அறிஞர்களிடம் செய்தி கேட்டுப் பெற்றே பாடினார் என்பது வழிவழிச் செய்தி. (அதற்கும் தொடர் கேட்கலாம்தான்.)

இந்நாட்டில் காசிம் அகமது 1986இல் எழுதிய ஹதீஸ் மறுமதிப்பீட்டு நூல் தடைசெய்யப்பட்டதை மூத்தோர் அறிவர். அவர் ஹதீஸின் அதிகாரத்தையே கேள்விக்கு உள்ளாக்கினார். நாம் பேசுவதோ ஹதீஸை ஏற்போரே கையாளும் அளவுகோலைப் பற்றி. இரண்டையும் வகுப்பறையில் குழப்பக் கூடாது.

எனவே அம்மாணவரிடம், இது உமறுவின் காப்பியத்தில் உள்ளது, நபிமொழி ஆய்வாளர்கள் இதில் கருத்து வேறுபட்டார்கள் என்று சொல்வோம். பைஹகீ, இப்னு கஸீர் என்னும் இரு பெயர்களையும் பலகையில் எழுதிவிட்டு, மானின் புலம்பலுக்குத் திரும்புவோம்.