காரணத்தை எழுதிய பேனா

(சிதம்பரத்தில் ஆற்றிய உரை)



ஒரு விளைவுக்குப் பின்னால் பலருடைய முடிவுகள் இருக்கும்போது எதைக் காரணம் என்பது? ஆய்வு மாணவர்கள் கேட்கிற கேள்விதான். நம் கடலூர் மாவட்டத்தில் அது உயிர் சம்பந்தப்பட்ட கேள்வி.

விருத்தாசலம் அருகே புதுக்கூரைப்பேட்டை. தலித் இளைஞர் முருகேசனும் வன்னியர் சமூகத்துக் கண்ணகியும் 2003 மே மாதம் கடலூரில் பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள். ஜூலை 8 அன்று இருவருக்கும் நஞ்சு புகட்டிக் கொன்று எரித்தார்கள்.

‘காதல்தான் காரணம்’ என்கிறார்கள். காதலை அப்படியே விட்டுவிட்டு, சாதியை மட்டும் எடுத்துவிட்டுப் பாருங்கள். ஊர் கூடிக் கொல்ல என்ன இருக்கிறது?

காவல்துறை உடனே வழக்குப் பதியவில்லை. பதிந்தபோது இரு தரப்புமே கொன்றதாக எழுதி, தலித்துகளையும் குற்றவாளிகளாக்கியது. சாதி செய்த கொலை காகிதத்தில் பாதிப் பாதியானது. 2004இல் வழக்கு சிபிஐக்குப் போனது. 2021 செப்டம்பரில்தான் கடலூர் நீதிமன்றம் 13 பேரைக் குற்றவாளிகள் என்றது. அவர்களில் இருவர் காவல் அதிகாரிகள். அந்த இருவர் உட்பட 11 பேரின் மேல்முறையீட்டை 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

கொலைக்குக் காரணம் சாதி. நீதிக்கு 18 ஆண்டுகள் ஆனதற்குக் காரணம் சாதியை மறைத்து எழுதிய பேனா. கடமை தவறும் அதிகாரியைத் தண்டிக்க வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 4ஆம் பிரிவு இருக்கிறது. இனி ஒவ்வொரு வழக்கிலும், கொன்றவர் யார் என்பதோடு, முதல் தகவல் அறிக்கையை எழுதியவர் யார் என்றும் கேட்போம்.

ஜெய்பீம்.