காற்றை முகர்ந்து பார்க்கும் கரிக்குழாய்



பாலாறு கர்நாடகத்தில் நந்தி மலைப் பகுதியில் பிறக்கிறது. அந்த நிலம் முன்பு மைசூர் மாநிலமாக இருந்தது. ஆறு அங்கே 93 கிலோமீட்டர் ஓடுகிறது. பிறகு ஆந்திராவில் 33 கிலோமீட்டர், தமிழ்நாட்டில் 222 கிலோமீட்டர் ஓடுகிறது. வயலூர் அருகே கடலில் சேர்கிறது.

ஆற்றின் மேல்பகுதியில் கோலார் தங்கவயல் இருக்கிறது. அந்தச் சுரங்கம் 2001ஆம் ஆண்டு மூடப்பட்டது. அதுவரை தமிழ்த் தொழிலாளர்கள் பல்லாயிரம் பேர் அங்கே பூமிக்கு அடியில் உழைத்தார்கள். ஆற்றின் கீழ்ப்பகுதியில் வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை ஆகிய ஊர்கள் உள்ளன. இங்கே தோல் பதனிடும் தொழிற்சாலைகள் பல உண்டு.

சுரங்கம் வேறு, தோல் தொழில் வேறு. ஆனால் இரண்டிலும் ஓர் ஆபத்து உண்டு. அது கண்ணுக்குத் தெரியாது. அதுதான் நச்சு வாயு.

வாயு எங்கிருந்து வருகிறது?

சுரங்கத்தில் பாறையைப் பிளக்க வெடி வைப்பார்கள். வெடித்ததும் கார்பன் மோனாக்சைடு, நைட்ரஜன் டை ஆக்சைடு போன்ற வாயுக்கள் உண்டாகும். அவை வெளியேறிய பிறகுதான் ஆட்கள் உள்ளே போக வேண்டும்.

தோல் தொழிலில் மயிரை நீக்கச் சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் சேர்ப்பார்கள். இந்தக் கழிவுநீர் அமிலத்தோடு கலந்தால் ஹைட்ரஜன் சல்பைடு என்னும் வாயு கிளம்பும். தொட்டியில் தேங்கிய கசடு அழுகினாலும் அதே வாயு வரும். வீட்டுக் கழிவுநீர்த் தொட்டியிலும் பாதாளச் சாக்கடையிலும் அது உண்டு. இந்த வாயு காற்றைவிடக் கனமானது. ஆகவே அடியில் தங்கிவிடும்.

மூக்கை நம்பலாமா?

ஹைட்ரஜன் சல்பைடு அழுகிய முட்டை போல நாறும். நாற்றம்தான் காட்டிக் கொடுத்துவிடுமே என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. பத்து லட்சம் பங்கு காற்றில் இந்த வாயு 100 பங்கு இருந்தால் போதும். சில நிமிடங்களில் மூக்கு மரத்துவிடும். நாற்றம் தெரியாது. ஆனால் வாயு அங்கேயே இருக்கும். அது 700 பங்குக்கு மேல் போனால் ஓரிரு மூச்சிலேயே ஆள் சாய்ந்துவிடுவார்.

உள்ளே விழுந்தவரைத் தூக்க இன்னொருவர் இறங்குவார். அவரும் விழுவார். அவருக்காக மூன்றாம் ஆள் இறங்குவார். ஒரே தொட்டியில் இரண்டு, மூன்று உயிர்கள் போவது இப்படித்தான்.

விளக்கும் பறவையும்

கிணற்றில் இறங்குமுன் எரியும் விளக்கை உள்ளே விட்டுப் பார்ப்பது பழைய வழக்கம். விளக்கு அணைந்தால் பிராண வாயு குறைவு என்று பொருள். ஆனால் விளக்கு அணையவில்லை என்பதால் நச்சு வாயு இல்லை என்று சொல்ல முடியாது. சாக்கடையில் மீத்தேன் வாயு இருந்தால் விளக்கே வெடிப்புக்குக் காரணமாகிவிடும்.

இங்கிலாந்தில் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் கேனரி என்னும் சிறு பறவையைக் கூண்டில் கொண்டு போனார்கள். கார்பன் மோனாக்சைடு இருந்தால் பறவை முதலில் மயங்கி விழும். அதைக் கண்டு ஆட்கள் வெளியேறுவார்கள். 1986ஆம் ஆண்டுதான் பறவைக்குப் பதிலாகக் கருவி வைக்க முடிவு செய்தார்கள்.

கரிக்குழாய் என்றால் என்ன?

அடுப்புக்கரியில் இருப்பது கார்பன் அணுக்கள். இந்த அணுக்களை ஒரே அடுக்காகப் பரப்பி, பாயைப் போல் சுருட்டினால் எப்படி இருக்கும்? அதுதான் கார்பன் நுண்குழாய். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்காகப் பிரித்தால், ஒரு பங்கு அல்லது இரண்டு பங்குதான் இதன் அகலம். ஜப்பான் விஞ்ஞானி சுமியோ இஜிமா 1991ஆம் ஆண்டு இத்தகைய குழாய்களை விளக்கி எழுதினார். அதன் பிறகு உலகமே இதைக் கவனித்தது.

பாலாற்றங்கரையில் உள்ள வேலூரின் ஆராய்ச்சியாளர்களும் ஒரு செய்தி சொன்னார்கள். கீழடிப் பானை ஓடுகளின் உட்புறக் கருப்புப் பூச்சில் கார்பன் நுண்குழாய்கள் உள்ளன என்று 2020ஆம் ஆண்டு எழுதினார்கள். அந்த ஓடுகள் ஏறத்தாழ 2,600 ஆண்டுகள் பழையவை.

குழாய் எப்படி வாயுவைக் கண்டுபிடிக்கிறது?

நுண்குழாய் வழியாக மின்சாரம் பாயும். வாயுவின் துகள் குழாய்மேல் ஒட்டினால் அந்த மின்சாரத்தின் அளவு மாறும். அகலமான சாலையில் ஒருவர் உட்கார்ந்தால் போக்குவரத்து நிற்காது. வரப்பில் ஒருவர் உட்கார்ந்தால் யாரும் போக முடியாது. நுண்குழாய் வரப்பைப் போன்றது. ஆகவே சிறிதளவு வாயுவே அதைப் பாதிக்கும்.

அமெரிக்காவில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தார் 2000ஆம் ஆண்டு இதைச் செய்து காட்டினார்கள். நைட்ரஜன் டை ஆக்சைடு பட்டதும் மின்சாரம் கூடியது. அம்மோனியா பட்டதும் குறைந்தது. பழைய வகைக் கருவிகள் பலவற்றைச் சூடாக்க வேண்டும். இதற்குச் சூடு தேவைப்படவில்லை.

குறையும் உண்டு. எந்த வாயு பட்டது என்று வெறும் குழாய்க்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது. காற்றின் ஈரமும் அதைக் குழப்பும். பட்ட வாயு விலகிப் பழைய நிலை வர மணிக்கணக்கில் ஆகலாம். இதற்கும் வழி தேடுகிறார்கள். குழாய்மேல் தங்கத் துகள் பதித்தால் ஹைட்ரஜன் சல்பைடை நன்றாக உணர்கிறது என்று 2010ஆம் ஆண்டு கண்டார்கள்.

அதுவரை என்ன செய்வது?

வாயுவைக் காட்டும் கைக்கருவிகள் இப்போதே கிடைக்கின்றன. அவை பெரும்பாலும் வேறு முறையில் வேலை செய்பவை. எந்தக் கருவியானாலும் ஆள் இறங்குமுன் அதை இறக்க வேண்டும். தொட்டியின் மேலே, நடுவே, அடியே என மூன்று இடத்திலும் பார்க்க வேண்டும். முகத்தில் துணி கட்டுவது நச்சு வாயுவைத் தடுக்காது. யாராவது விழுந்துவிட்டால் பின்னால் குதிக்கக் கூடாது. 101 எண்ணில் தீயணைப்புத் துறையையும் 108 எண்ணில் ஆம்புலன்சையும் அழைக்க வேண்டும்.

பாதுகாப்புக் கருவி இல்லாமல் சாக்கடையிலும் கழிவுநீர்த் தொட்டியிலும் ஆளை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. சாக்கடையில் இறந்தவர் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023ஆம் ஆண்டு கூறியது. ஆனால் பணம் வரும், போன உயிர் வராது.

கருவி இல்லையா? "இறங்க மாட்டேன்" என்று சொல்லுங்கள். அப்படிச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. பக்கத்தில் நிற்பவரையும் சொல்ல வையுங்கள்.