வரி விதிக்கும் உரிமை யாருடையது?

(சப்ரகமுவத் தோட்டப் பகுதிக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



கொழுந்து பறிப்போரும், இறப்பர்ப் பால் வெட்டுவோரும், சிறு காணியிலே பயிரிடுவோரும், ஆசிரியரும், எழுதுவினைஞரும் ஒருங்கே கூடியிருக்கும் இவ்வவையிலே நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள், முதற்பார்வைக்குச் சட்டத்தரணிகளுக்கு மட்டுமே உரியதுபோலத் தோன்றும். மக்கள் பிரதிநிதிகளின் சபையைக் கேளாமல், ஒரு சனாதிபதி தாமாகவே தீர்வை விதிக்கலாமா என்பதே அது. இக்கேள்வி நம் வீட்டு அடுப்பங்கரை வரை வந்து நிற்பதை எடுத்துக் காட்டவே நாம் முன்வந்துள்ளோம்.

முதலில் அமெரிக்காவைப் பாருங்கள். 2025 ஏப்ரல் 2ஆம் நாள், சனாதிபதி ட்ரம்ப் இலங்கைப் பொருள்களுக்கு நூற்றுக்கு 44 வீதத் தீர்வை என அறிவித்தார். பின்னர் அது 30 ஆகி, யூலை முடிவிலே 20 ஆயிற்று. ஆடைத் தொழிலும் இறப்பர்த் தொழிலும் கலங்கின. கேகாலையிலே வெட்டும் பால் ஆலையிலே டயராகி அங்கே போகிறதென்றால், அக்கலக்கம் நமதும் அல்லவா? அந்நாட்டு அரசியலமைப்போ வரி விதிக்கும் அதிகாரத்தைக் காங்கிரஸ் சபைக்கே வழங்கியிருக்கிறது. 1977ஆம் ஆண்டின் அவசரகாலப் பொருளாதாரச் சட்டமொன்றைக் காட்டியே சனாதிபதி தீர்வை விதித்தார். வழக்கு எழுந்தது. 2025 ஓகஸ்ட் 29இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் 7க்கு 4 என்ற கணக்கிலும், 2026 பெப்ரவரி 20இல் உயர் நீதிமன்றம் 6க்கு 3 என்ற கணக்கிலும், அச்சட்டம் அவ்வதிகாரத்தைத் தரவில்லை என்று தீர்ப்பளித்தன.

அயலார் வீட்டுக் கூரையைப் பார்த்தது போதும். நம் வீட்டுக் கூரை ஒழுகுகிறதா என்றும் பார்க்க வேண்டாமா?

1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பு, 148ஆம் உறுப்புரையிலே, அரச நிதியின் மீது பாராளுமன்றத்துக்கே முழுக் கட்டுப்பாடு உண்டு என்கிறது. பாராளுமன்றம் இயற்றிய சட்டத்தினாலோ, அத்தகைய சட்டத்தின் கீழோ அன்றி, எந்த அதிகார பீடமும் வரி விதிக்கலாகாது என்றும் விதிக்கிறது. ஆகவே, சனாதிபதி என்ற பதவிக்கு மட்டும் வரி விதிக்கும் உரிமை இங்கேயும் இல்லை. ஆனால், ‘சட்டத்தின் கீழ்’ என்ற சிறு சொல்லிலே ஒரு வாசல் திறந்திருக்கிறது.

2007ஆம் ஆண்டின் 48ஆம் இலக்க விசேட வியாபாரப் பண்ட அறவீட்டுச் சட்டம் அவ்வாசல்களில் ஒன்று. அதன்படி நிதியமைச்சர் வர்த்தமானியிலே ஒரு கட்டளையை வெளியிட்டு, இறக்குமதிப் பண்டங்களின் தீர்வையைக் கூட்டலாம், குறைக்கலாம். கட்டளை முதலில் நடைமுறைக்கு வரும். பாராளுமன்றத்தின் அங்கீகாரம் பின்னரே வரும். நிதியமைச்சர் வேறு, சனாதிபதி வேறு என்று ஆறுதல் கொள்ளலாமா? 2022இல் சனாதிபதியான ரணில் விக்கிரமசிங்க நிதியமைச்சையும் தம்மிடமே வைத்திருந்தார். 2024இல் பதவியேற்ற அநுர குமார திசாநாயக்கவும் நிதியமைச்சைத் தாமே ஏற்றார். இருவரும் சட்டத்துக்கு உட்பட்டே அவ்வாறு செய்தனர். நாம் ஆளைக் குறை கூறவில்லை, அமைப்பையே ஆராய்கிறோம்.

அவ்வமைப்பு என்ன செய்யும் என்பதற்கு ஒரு சான்று. 2020 ஒக்டோபர் 13இல், ஒரு கிலோ சீனிக்கு 50 ரூபாவாயிருந்த அறவீடு, வர்த்தமானி ஒன்றினால் 25 சதமாகக் குறைக்கப்பட்டது. 49 ரூபா 75 சதம் ஓரிரவிலே போயிற்று. கடையிலே சீனி விலை அதற்கேற்ப இறங்கியதா? இல்லை. திறைசேரி இழந்ததோ 1,500 கோடி ரூபாவுக்கு மேல். மாதம் 4 கிலோ சீனி வாங்கும் குடும்பத்துக்கு 199 ரூபா மிஞ்சியிருக்க வேண்டும். அன்று தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 700 ரூபா. காற்பங்கு நாளுக்கு மேற்பட்ட உழைப்பு இறக்குமதியாளரின் பெட்டிக்குள் போயிற்று! முன்கூட்டியே சபையிலே விவாதம் நடந்திருந்தால், “இச்சலுகை மக்களைச் சேரும் என்பதற்கு உறுதி என்ன?” என்று ஓர் உறுப்பினராவது கேட்டிருப்பார்.

இரகசியமாகவும் விரைவாகவும் செய்யாவிட்டால், வியாபாரிகள் பண்டத்தைப் பதுக்குவார்கள் என்பர். அதிலே உண்மை உண்டு, மறுக்கவில்லை. விரைவு வேண்டுமாயின் கட்டளை முதலிலே வரட்டும். ஆனால் குறுகிய கால எல்லைக்குள் சபை அதனை ஆராய்ந்து ஏற்காவிடில், அது தானே செத்துப்போக வேண்டும். காரணமும், எதிர்பார்க்கும் வருமானமும், பயனடைவோர் யாரென்பதும் மூன்று மொழிகளிலும் வெளியாக வேண்டும். இவற்றையே நாம் கேட்கிறோம்.

தோழர்களே! இக்கேள்வியை எழுப்ப நம்மிலும் உரிமையுடையார் யார்? நாடு சுதந்திரம் பெற்ற பின் பல ஆண்டுகள், தேயிலையின் மீதும் இறப்பரின் மீதும் விதித்த ஏற்றுமதித் தீர்வை திறைசேரியின் பெருந்தூணாய் நின்றது. 1952இல் சீனாவுடன் செய்த உடன்படிக்கையின்படி, இறப்பர் சென்றது, அரிசி வந்தது. அந்த உழைப்புக்குரிய மக்களிற் பெரும்பாலோரின் குடியுரிமையை 1948ஆம் ஆண்டுச் சட்டமும், வாக்குரிமையை 1949ஆம் ஆண்டுச் சட்டமும் பறித்தன. வரியின் சுமையை நம் முதுகு தாங்கியது. வரியைப் பற்றிப் பேச நமக்கு வாய் இல்லை. 1988, 2003ஆம் ஆண்டுச் சட்டங்களின் பின்னரே எஞ்சியோருக்கும் குடியுரிமை கிட்டிற்று. ஏறக்குறைய அரை நூற்றாண்டு காத்திருந்து பெற்ற வாக்கு, வரி பற்றிய முடிவு பாராளுமன்றத்தை விட்டு அமைச்சின் அறைக்குள் போய்விட்டால், எதற்குப் பயன்படும்?

எட்டியாந்தோட்டைத் தொகுதியின் பிரதிநிதியாயிருந்து, 1970 முதல் 1975 வரை நிதியமைச்சராய் விளங்கியவர் கலாநிதி என். எம். பெரேரா. 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பை ஆராய்ந்து, தனியொருவரிடம் அதிகாரம் குவிவதை அவர் கண்டித்து எழுதினார். இம்மண்ணின் பிரதிநிதி எழுப்பிய குரல் இம்மண்ணிலே அடங்கிவிடலாகாது.

ஆகவே, கற்றோர் வர்த்தமானியைப் படித்து அயலாருக்கு விளக்குங்கள். உழைப்போர் கடை விலையைக் குறித்து வையுங்கள். வாக்குக் கேட்டு வருவோரிடம், “வரிக் கட்டளை சபைக்கு வந்தபோது நீர் என்ன பேசினீர்?” என்று வினவுங்கள். கேட்பார் உள்ள இடத்திலேதான் கணக்கு ஒழுங்காய் நடக்கும்.