உத்தியோகமும் உபதொழிலும்

பகலெல்லாம் உத்தியோகம் பார்த்துவிட்டு, இராப்பொழுதில் சொந்தத் தொழில் ஒன்றை வளர்த்தெடுக்க முயலும் அன்பர்களுக்கு, மூலதனத்திற்கு முன்பாகத் தேக சக்தி தீர்ந்துபோகிறது. சரக்கைப் பொட்டலம் கட்ட ஓர் ஆளை அமர்த்தவும் மனமின்றி, நள்ளிரவில் கண் எரிய விலாசம் எழுதிக்கொண்டிருப்பதை அவர்கள் சிக்கனம் என்று கருதுவது எனக்கு மிகுந்த கவலையளிக்கிறது.

இதற்கு மாறாக நடந்துகொண்ட ஒருவரைச் சொல்கிறேன். இன்று நைக்கி என்று உலகம் அறிந்திருக்கும் ஸ்தாபனத்தை, 1964-ஆம் ஆண்டில், புளூ ரிப்பன் ஸ்போர்ட்ஸ் என்ற பெயரில், தம் பழைய பயிற்சியாளரான பில் போவர்மனோடு கூட்டாகத் தொடங்கிய அமெரிக்கர் ஃபில் நைட், ஜப்பானிலிருந்து தருவித்த காலணிகளை ஓட்டப்பந்தய மைதானங்களில் தம் காரின் டிக்கியைத் திறந்துவைத்து விற்றுக்கொண்டே, கணக்கராகவும் ஜீவனம் நடத்திவந்தார். மறு வருஷமே, தாம் சம்பள வேலையில் இருந்தபடியே, வியாபாரத்துக்கென முழுநேர ஊழியர் ஒருவரை நியமித்தார். பிற்பாடு, கசக்கிப் பிழிந்த தணிக்கை உத்தியோகத்தைத் துறந்து, ஊதியம் குறைவாயினும் அவகாசம் மிகுந்ததாகிய கணக்கியல் ஆசிரியப் பணியைப் போர்ட்லண்டு ஸ்டேட் சர்வகலாசாலையில் ஏற்றார். பணத்தைக் கொடுத்துக் காலத்தை வாங்கிக்கொண்ட அந்த விவேகத்தையே, அவர் பின்னர் ஈட்டிய ஐசுவரியத்தினும் மேலாக நான் மதிக்கிறேன். வியாபாரம் தம்மைத் தாங்கும் என்று திடமான பிறகு, 1969-இல்தான் அவர் அந்த ஆசிரியப் பணியையும் விட்டார்.